இளவெயிலில் எத்தனை பேர்?

அத்தியாயம் 14

வாங்கம்மா, வாங்க. கை வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள். போன வாரம் நாம் விட்ட இடத்திலேயே லத்தீஃபா இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். பாவம், அவளுக்குக் கால் வலிக்கும். நடக்க விடுவோம். இன்றைக்கு உங்களுக்கு ஒரு நல்ல கதை வைத்திருக்கிறேன். இதில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, யாரும் கதவைச் சாத்திக்கொண்டு அழவில்லை. ஆனாலும் கேட்டு முடிக்கும்போது நெஞ்சில் கொஞ்சம் கனம் ஏறினால் என்னைத் திட்டக்கூடாது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். பூந்தமல்லி பஜாரில் மெத்தைக் கடை வைத்திருந்த அன்வர் பாஷாவின் மனைவி லத்தீஃபா. கடை தீப்பிடித்துப் பஞ்சும் துணியும் சாம்பலான வருஷத்தில், அடுத்த வேளைக்கு வழி தெரியாமல் நின்றவளை மேனாம்பேட்டில் இருக்கும் 'இளவெயில்' இல்லத்துக்கு அழைத்துக்கொண்டவர் வரலட்சுமி. சிறப்புக் குழந்தைகளைக் காலையில் வேனில் கூட்டி வந்து, குளிப்பாட்டி, சோறூட்டி, பயிற்சி கொடுத்து, சாயங்காலம் வீட்டில் கொண்டுபோய் விடுகிற இடம் அது. தன் ஒரே மகன் எழிலுக்காக வரலட்சுமி ஆரம்பித்தது. எழிலுக்கு இப்போது முப்பது வயது. இன்னும் யாராவது ஊட்டினால்தான் சாப்பாடு இறங்கும். அந்தக் கை பெரும்பாலும் லத்தீஃபாவின் கைதான்.

லத்தீஃபாவின் மகள் ஷிபாவுக்கு முகப்பேரில் ஒரு சின்ன ஆபீசில் வேலை. தொண்டு நிறுவனங்களில் வேலைக்குச் சேர நினைக்கிறவர்களுக்காக, எந்த நிறுவனம் எவ்வளவு சம்பளம் தருகிறது, எத்தனை பேரை வைத்து நடத்துகிறது, எந்தெந்த விதமான மனிதர்களுக்கு வேலை கொடுத்திருக்கிறது என்று நேரில் போய் விசாரித்து ஒப்பிட்டுச் சொல்வது அந்த ஆபீசின் தொழில். நன்கொடை கொடுக்கிற கம்பெனிகளும் அந்த ஒப்பீட்டைப் பார்த்துத்தான் இப்போதெல்லாம் பையைத் திறக்கின்றன. "நாளைக்கு நாங்க வரப்போறது உங்க இளவெயிலுக்குத்தாம்மா" என்று ஷிபா சொன்னாளே, அந்த இடத்தில்தான் போன வாரம் நிறுத்தினேன்.

விஜியையும் மறந்துவிடாதீர்கள். லத்தீஃபாவோடு கூட நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பெண். அவளுக்கு ஏழாம் மாதம். புருஷன் கோபிக்குக் காண்ட்ராக்ட் வேலை போய்விட்டது. பிள்ளை பெற்று வீட்டில் இருக்கிற மாதங்களுக்குச் சம்பளம் கிடைக்குமா என்று அவளுக்குக் கவலை. "பெரியம்மாகிட்ட நான் பேசறேன்டி" என்று, வரலட்சுமியைச் சொல்லி, லத்தீஃபா வாக்குக் கொடுத்து மூன்று வாரம் போய்விட்டது. இன்னும் வாய் வரவில்லை.

சரி. பொழுது விடிந்துவிட்டது.

அன்வர் பாஷா வாசற்படியில் உட்கார்ந்து தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். கடை போனாலும் கை சும்மா இருக்காது அவருக்கு. உள்ளே ஷிபா கண்ணாடி முன் நின்று ஷாலுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"கேள்வி கேக்கப் போறது யாரு? நம்ம ஷிபாவா?"

"நான் கேக்க மாட்டேன் அத்தா. அம்மா அங்க இருக்கறதால நான் வாய் தொறக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. கூட வேலை பாக்கற ஜீவா கேப்பான். நான் எழுதிக்குவேன்."

"வாய் தொறக்காத வேலைக்கு உன்னையா புடிச்சாங்க? ஆபீஸ் உருப்பட்ட மாதிரிதான்."

ஷிபா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. நூலைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"லத்தீ, ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தம்மா முன்னாடி கணக்கு வழக்கெல்லாம் பேசாத. நம்ம வீட்டு உலை ஏறாதப்போ ஏத்தி வெச்சவங்க. இவ காலேஜுக்கு மொத ஃபீஸ் யாரு கட்டினது?"

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும். அங்க போய் மறந்துடாதன்னு சொல்றேன்."

லத்தீஃபா டிபன் பாக்ஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். ஸ்கூட்டரில் தாயும் மகளும் திருவேற்காடு தாண்டினார்கள். அயனம்பாக்கம் வளைவில் லாரிக்கு ஒதுங்கி நின்றபோது ஷிபா திரும்பாமல் சொன்னாள்.

"ஜீவா கேப்பாம்மா. என்ன வேலை, எத்தனை வருஷமா, என்ன சம்பளம்னு. இருக்கறதைச் சொல்லு. அது போதும்."

"இல்லாததையா சொல்லப் போறேன்?"

தெருமுனையில் அம்மாவை இறக்கிவிட்டு, ஜீவாவை அழைத்துவர அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் போனாள் ஷிபா.

இளவெயிலின் வாசலில் வேன் வந்து நின்றிருந்தது. வேனில் கூடப் போய்வரும் ஆனந்தன் பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் எந்தப் பிள்ளை எந்தக் காலை முதலில் ஊன்றும் என்று அவனுக்குத் தெரியும். விஜி ஒரு பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு படி ஏறினாள். பையனுக்கு ஏழெட்டு வயது, நல்ல கனம்.

"ஏய் விஜி, எறக்குடி அவனை."

"எறக்குனா ரோட்லயே குந்திக்குவான் அக்கா. அப்புறம் நீ தூக்கிக்கினு வா."

சமையற்கட்டு ஜன்னலில் இருந்து கன்னியம்மா எட்டிப் பார்த்தாள். "வயித்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. டபுள் டிக்கெட் போட்டுக்கினு போறா பாரு."

"சிரி, சிரி. உனக்கு இன்னா. மூணு பெத்துட்டு ஒக்காந்துகினே."

லத்தீஃபா பையனை வாங்கிக்கொண்டாள். விஜி இடுப்பில் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "கேட்டியாக்கா?"

"கேக்கறேன்டி. நேரம் வரட்டும்."

"உன் நேரம் வர்றப்போ நான் ஆஸ்பத்திரில இருப்பேன்."

இங்கே உங்களுக்கு இளவெயிலின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டீச்சர்கள், பயிற்சி கொடுக்கிறவர்கள், கணக்குப் பிள்ளை என்று ஒன்பது பேருக்கு மாதச் சம்பளம் பாங்கில் விழுந்துவிடும். அவர்கள் வரலட்சுமியை மேடம் என்று கூப்பிடுகிறவர்கள். சமையலும் துப்புரவும் பிள்ளை பார்ப்பதுமாக மீதி எட்டுப் பேர். அவர்களுக்கு அவர் பெரியம்மா. மாதம் முதல் தேதி பிரார்த்தனை முடிந்ததும் பெரியம்மா ஒரு பித்தளைத் தட்டோடு வந்து நிற்பார். வெற்றிலை, பாக்கு, பழம், பூ, நடுவில் ஒரு கவர். லத்தீஃபாவின் முறை வரும்போது குங்குமச் சிமிழை எடுத்துவிட்டு இரண்டு பேரீச்சம்பழம் வைப்பார். ஒரு மாதம்கூட மறந்ததில்லை. எட்டுப் பேரும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதைச் சம்பளம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மரியாதை என்றுதான் சொல்வார்கள். 'இந்த மாச மரியாதை வந்துட்டுதா?' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

அந்தத் தட்டில் பொய் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அன்பு இருந்தது. அன்பு இருந்ததால்தான் அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பதினோரு மணிப் பாலுக்குப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தபோது ஷிபாவும் ஜீவாவும் வந்தார்கள். ஜீவா அண்ணனூர் பையன், கலகலப்பானவன். சாப்பாட்டு அறையிலேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். ஷிபா அவனுக்குப் பின்னால் சுவரோரமாக உட்கார்ந்தாள். மடியில் காகிதங்கள், கையில் பேனா. முகத்தில் மகளும் இல்லை, யாரும் இல்லை.

"அக்கா, பேரு?"

"லத்தீஃபா."

"இங்க இன்னா வேலைக்கா பாக்கறீங்க?"

சாதாரணக் கேள்விதான். லத்தீஃபா பதிலுக்கு வாயெடுத்தாள். அப்போது வாசல் நிலையில் வரலட்சுமி எழிலின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். லத்தீஃபாவைப் பார்த்துச் சிரித்தார். எழிலும் சிரித்தான். உலை ஏறாத நாட்கள் எல்லாம் ஒரு நொடியில் அவள் கண் முன்னால் வந்து போயின. காலையில் கணவர் சொன்னதும் வந்து காதில் உட்கார்ந்துகொண்டது.

"வேலைன்னெல்லாம் இல்ல தம்பி. இது நம்ம வீடு. வீட்ல செய்யறதைப் போய் யாராவது வேலைன்னு சொல்வாங்களா?"

"கரெக்ட்டுக்கா. அப்ப சம்பளம்?"

"சம்பளமெல்லாம் வாங்கறதில்ல. பெரியம்மா மரியாதை பண்ணுவாங்க, அவ்ளோதான்."

ஜீவா பின்னால் திரும்பி ஷிபாவைப் பார்த்தான். அவள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்பளம் இல்லாம சேவை பண்றவங்க, தொண்டர்னு போட்டுக்கவாக்கா?"

"போட்டுக்கோங்க."

பேனா நகர்ந்தது. அடுத்துக் கன்னியம்மா. "அக்கா சொன்னதேதான் எனக்கும். தனியா இன்னா சொல்றது." அடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஆனந்தனிடம் கன்னியம்மாவே சைகையில் கேட்டு, அவன் லத்தீஃபாவைக் காட்டித் தலையசைத்ததை அவன் பதிலாகச் சொன்னாள். கடைசியில் விஜி. அவள் கேட்டவனைப் பார்க்கவில்லை. லத்தீஃபாவைத்தான் பார்த்தாள், ரொம்ப நேரம்.

"அதான் அக்காவே சொல்லிட்டாங்களே. அதையே போட்டுக்க."

கொஞ்ச நேரம் கழித்து அன்வர் பாஷா போன் பண்ணினார். நடந்ததை லத்தீஃபா சொன்னாள். "நல்ல காரியம் பண்ணே லத்தீ. நன்றி கெட்டவங்கன்னு பேர் வாங்கல" என்றார். நல்ல காரியம் பண்ணினவளுக்கு நெஞ்சு லேசாக அல்லவா இருக்க வேண்டும்? அவள் போனை வைத்துவிட்டு, கழுவின டம்ளரையே மறுபடி எடுத்துக் கழுவினாள்.

மதியச் சாப்பாடு முடிந்து டீ கொண்டு போனாள். வரலட்சுமியின் அறையில் ஜீவா கதை அளந்துகொண்டிருந்தான்.

"ஆவடிப் பக்கம் ஒண்ணு பார்த்தோம் மேடம். நானூறு பேரு. சம்பளம் சூப்பரு. ஆனா மாடி ஏற ஏற எல்லாரும் ஒரே மாதிரி ஆயிக்கினே போறாங்க. கீழ நம்மாளுங்க. ரெண்டாவது மாடில இங்கிலீஷ் பேசறவங்க. மூணாவது மாடில யாரு கீறாங்கன்னு பாக்கலாம்னா, எங்களையே வுடல."

வரலட்சுமி சிரித்தார். "மத்த இடமெல்லாம்?"

"திருமுல்லைவாயல்ல ஒண்ணு கீது. சின்ன இடம், சம்பளமும் கம்மிதான். ஆனா டிரைவர்லேர்ந்து டைரக்டர் வரைக்கும் யாருக்கு எவ்ளோன்னு செவுத்துல ஒட்டி வெச்சிக்கிறாங்க. சண்டையே இல்ல அங்க."

"நம்மதும் சின்ன இடம்தான். ஒன்பது பேர். ஆனா அந்த ஒன்பது பேருக்கும் குறைவா குடுக்கலை."

"ஆமா மேடம். ஒம்போது பேருக்கு சராசரி எடுத்தா இந்தப் பக்கத்துலயே நீங்கதான் மேல வருவீங்க. கடைசியா ஒண்ணே ஒண்ணு. யார் யாரு வேலை செய்யறாங்க, எத்தனை விதமான ஆளுங்கன்னு கேக்கணும். எந்த மதம், எந்த சமூகம், உடம்புல குறை இருக்கறவங்க, அந்த மாதிரி."

வரலட்சுமியின் முகம் மலர்ந்தது. "அதுல நம்மளை மிஞ்ச ஆள் கிடையாது. இதோ, லத்தீஃபா. பூந்தமல்லி முஸ்லிம் குடும்பம். கன்னியம்மா இருக்கா, அவ குடும்பம் இதே ஊர்ல வயல் வேலைக்குப் போனவங்க. ஆனந்தனுக்குக் காது கேக்காது. விஜி இருக்கா, புருஷனுக்கு வேலை இல்லாத பொண்ணு. பதினேழு பேர், பதினேழு விதம். எழுதிக்கோங்க."

"ஒம்போதுன்னீங்களே மேடம்?"

"அது சம்பளத்துக்கு. இது மனசுக்கு."

ஜீவா காதைச் சொறிந்தான். "மனசுக்குன்னு தனியா கட்டம் ஒண்ணும் இல்லீங்களே மேடம்."

"நீங்க பார்த்துப் போடுங்க தம்பி. ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க, அதைப் பார்த்தா எல்லாருக்கும் புரியும். லத்தீஃபா, அந்த டம்ளரெல்லாம் அப்படி வெச்சுட்டு எல்லாரையும் கூப்பிடு. நீ முக்காட்டைச் சரியா போட்டுக்கிட்டு முன்னாடி நில்லு."

எல்லோரும் வந்து நின்றார்கள். எட்டுப் பேர் முன்வரிசையில், டீச்சர்கள் பின்னால். லத்தீஃபாவை நடுவில் நிறுத்தி, முக்காடு தெரிகிற மாதிரி தோளைத் திருப்பிவிட்டார் வரலட்சுமி. ஜீவா சிரிக்கச் சொன்னான். அவளும் சிரித்தாள்.

டீ கொண்டுவந்தவளுக்கு எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முதலில் புரியவில்லை. சிரித்து முடித்த பிறகுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. முக்காடு கணக்கில் இருக்கிறது, கை கணக்கில் இல்லை. ஆனந்தனுடைய கேளாத காது கணக்கில் இருக்கிறது, அவன் பிள்ளைகளை இறக்கிவிடுகிற முதுகு இல்லை. பெரியம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார். அதை நினைத்தால்தான் லத்தீஃபாவுக்குத் தாங்கவில்லை. கெட்டவர் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

சமையற்கட்டில் விஜி பெரிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வயிறு இடித்ததால் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"போட்டோல நல்லா சிரிச்சியாக்கா?"

"நகரு. நான் தேய்க்கறேன்."

"வேணாம். ஊட்டு வேலைதானே, நானே செய்யறேன்."

லத்தீஃபா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னடி பேசறே?"

"நீ ஊடுன்னு சொல்லிட்டே. எனக்கு ஊடு வேற கீதுக்கா. அங்க மாமியா கீறா, தேய்க்கறதுக்கு அண்டா கீது. அதுக்கெல்லாம் நான் யாரையும் ஒரு காசு கேட்டதில்ல. இங்க வர்றது எதுக்கு? கோபி சும்மா கீறான்னுதானே."

"பெரியம்மா கைவிட மாட்டாங்க விஜி."

"வுட மாட்டாங்க. எனக்கும் தெரியும். வளைகாப்புக்கு பொடவை எடுத்துக் குடுப்பாங்க. கொழந்தைக்கு வெள்ளில கொலுசு போடுவாங்க. நான் கொலுசு கேக்கலக்கா. ஆறு மாசம் அரிசி கேக்கறேன்."

கன்னியம்மா குறுக்கே வந்தாள். "வுடுடி. புள்ளத்தாச்சி, வாயைக் கொறை."

"நீ சும்மா இரு ஆயா. எனக்காகப் பேசறேன்னு மூணு வாரமா சொல்லிக்கினு இருந்துச்சு. இன்னிக்குப் பேசிடுச்சு. இன்னா பேசுச்சுன்னு நானும் கேட்டுக்கினுதானே இருந்தேன்."

சொல்லிவிட்டு அண்டாவைத் தேய்க்கத் தொடங்கினாள். அழவில்லை. கோபப்பட்டுப் பாத்திரத்தை உருட்டவும் இல்லை. லத்தீஃபா அந்தச் சாம்பல் படிந்த கைகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து வெளியே போனாள்.

வேப்பமரத்தடியில் ஷிபா காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் பேர்ல என்ன எழுதினே?"

"நீ சொன்னதை."

"உனக்குத் தெரியாதா, உன் அம்மா என்ன பண்றான்னு? இருக்கறதை எழுதக் கூடாதா?"

"மத்தவங்க அம்மாவா இருந்திருந்தா, 'அக்கா, நல்லா யோசிச்சு சொல்லுங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்." ஷிபா அடுக்குவதை நிறுத்தினாள். "உன்னைக் கேக்க முடியல. கையில எழுதறப்போ எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதும்மா. காலையில எழுந்து, எங்களுக்கு ஆக்கி வெச்சிட்டு, இங்க வந்து இத்தனை பேருக்கு ஆக்கி, ராத்திரி காலைத் தூக்கி சுவத்துல வெச்சிக்கிட்டுப் படுப்பியே. அதுக்கெல்லாம் சேர்த்து சைபர்னு எழுதினேன்."

லத்தீஃபா மகளின் ஷாலில் ஒட்டியிருந்த வேப்பம்பூவைத் தட்டிவிட்டாள்.

"இன்னும் மாத்தலாமா?"

"நாங்க கெளம்பற வரைக்கும்."

"கெளம்பாத."

அந்த அறைக்குள் லத்தீஃபா எத்தனையோ முறை போயிருக்கிறாள். டம்ளரோ மருந்தோ மடித்த துணியோ ஏதாவது கையில் இருக்கும். இப்போது கைகள் சும்மா இருந்தன. அவற்றை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். வரலட்சுமி எழிலுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஜீவா பையை மூடிக்கொண்டிருந்தான்.

"தம்பி, காலையில நான் சொன்னது தப்பு. மாத்தி எழுதிக்கணும்."

"என்ன லத்தீஃபா?" என்றார் வரலட்சுமி.

லத்தீஃபா அவரைப் பார்க்காமல் ஜீவாவிடமே சொன்னாள். பார்த்தால் சொல்ல வராது என்று அவளுக்குத் தெரியும்.

"நான் இங்க வேலை செய்யறேன் தம்பி. சமைக்கிறது, பிள்ளைங்களைக் குளிப்பாட்டறது, துணி மாத்தறது, தூக்கிட்டுப் போறது. மாசம் ஒண்ணாந்தேதி பெரியம்மா குடுக்கறது சம்பளம். அதுலதான் எங்க வீடு ஓடுது. கன்னியம்மாவும் அப்படித்தான், விஜியும் அப்படித்தான், ஆனந்தனும் அப்படித்தான். நான் சொன்னேன்னுதான் எட்டுப் பேரும் அப்படிச் சொன்னாங்க."

ஜீவா பையை மறுபடி திறந்தான். "அவங்களையும் திருப்பிக் கேக்கணும்க்கா."

"கேளுங்க. நான் பக்கத்துல இருக்க மாட்டேன்."

உரித்த சுளை வரலட்சுமியின் விரலிலேயே நின்றது. எழில் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான்.

"இவனுக்கு நீ ஊட்டினது, அதுவும் சம்பளத்துக்குத்தானா?"

இந்தக் கேள்விக்குத்தான் லத்தீஃபா பயந்தாள். அது வந்தேவிட்டது. அவள் அப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ஊட்டினதுக்கு எனக்கு யாரும் எதுவும் தர வேணாம் பெரியம்மா. அவன் என் கையிலதான் சாப்பிடுவான், எனக்கு அது போதும். மீதியெல்லாம் வேலை. முதுகு நோவுது பெரியம்மா. வீடுன்னு சொல்லிட்டா முதுகு நோவாம போயிடுமா?"

"சம்பளக் கணக்குல பத்துப் பேர் ஆயிட்டாலே ஒவ்வொரு சட்டமா உள்ள வரும். பிடித்தம், இன்ஷூரன்ஸ், பிரசவ லீவு. எங்க போவேன் நான்? என் கழுத்தைப் பாரு. கையைப் பாரு. இங்க போடாதது ஏதாவது என்கிட்ட பாக்கி இருக்கா?"

இருக்கவில்லை. அந்தக் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறும் இல்லை, சங்கிலியும் இல்லை. லத்தீஃபாவுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் வந்த வாய் இனி மூடாது.

"தெரியும். உங்களை விட நாங்க கஷ்டப்பட்டோம்னு சொல்ல வரல. விஜிக்குப் பிரசவ லீவு வேணும். லீவுல சம்பளம் வேணும். மூணு வாரமா கேக்கணும்னு இருந்தேன், வாய் வரல. இப்ப கேக்கறேன்."

எழில் பொறுமை இழந்து மேஜையைத் தட்டினான். வரலட்சுமி சுளையை அவன் வாயில் வைத்தார். கையைத் துண்டில் துடைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். குரலில் கோபம் இல்லை.

"அப்ப இனிமே என்னைப் பெரியம்மான்னு கூப்பிடாதே. இங்க வேலை செய்யறவங்க மேடம்னுதான் கூப்பிடுவாங்க."

வாசலில் நின்றிருந்த ஷிபா ஒரு அடி முன்னால் வைத்து, அப்படியே நின்றாள்.

பத்து வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை வாயில் வந்த சொல் அது. காய்ச்சலில் கிடந்தபோதுகூட அந்தச் சொல்லைத்தான் முனகியிருக்கிறாள். அதை உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு லத்தீஃபாவுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"சரிங்க மேடம்."

வரலட்சுமி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை டிரஸ்டிங்க வராங்க. பதினேழு பேருக்கு எப்படிக் குடுக்கறதுன்னு நான் பதில் சொல்லணும். முடியாதுன்னா, எத்தனை பேரை நிறுத்தறதுன்னு கேப்பாங்க. நீயும் வரணும். டீ கொண்டுட்டு வர்றதுக்கு இல்ல. நாற்காலி போட்டு உக்கார்றதுக்கு."

லத்தீஃபா வெளியே வந்தாள். எட்டுப் பேரில் யாரையாவது வேலையை விட்டு நிறுத்துவார்களோ என்று அவள் நினைத்துப் பார்த்திருக்கவே இல்லை. தாழ்வாரத்தில் விஜி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று அவள் முகமே சொன்னது. ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வதா, என்ன காரியம் பண்ணிவிட்டாய் என்று கேட்பதா என்று தெரியாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளே ஜீவா புதுக் காகிதம் ஒன்றை எடுக்கிற சத்தம் கேட்டது.

அப்போது லத்தீஃபாவின் போன் அடித்தது. அன்வர் பாஷா. பெண்டாட்டி நல்ல காரியம் பண்ணினாள் என்ற சந்தோஷத்தில் சாயங்காலம் என்ன வாங்கி வைக்கட்டும் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பார். அவள் எடுக்கவில்லை. அது அடித்து அடித்துத் தானாகவே ஓய்ந்தது.

உங்கள் நேரத்தைக் கொடுத்து இவ்வளவு தூரம் கூட வந்தீர்களே, அதற்கு நான் என்ன திருப்பித் தரப்போகிறேன். உங்கள் வீட்டில் முந்தி எழுந்து பிந்திப் படுக்கிறவர் யாரோ, அவருடைய முதுகு நோகாமல் இருக்கட்டும். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி இருந்தால், அரிசிக்குப் பயப்படாமல் பெற்றெடுத்துப் பத்தியச் சோறு வயிறார உண்ணட்டும். வேலைக்குப் போன பிள்ளைகள் தலை நிமிர்ந்து வீடு திரும்பட்டும். கேட்க வேண்டியதைக் கேட்கிற வாயும், கேட்டதும் கொடுக்கிற கையும் உங்கள் குடும்பத்தில் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும், தாயி.